கோர் தசைகளுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

முதுகுவலியோடு வருவோருக்கான இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் 'கோர்' என்று சொல்லப்படும் தசைகளுக்கு 'மையத் தசைகள்' என்று எழுதினேன், படித்துப் பார்த்த அம்மா ஒருவர், தொப்புளைத் தொட்டு "இங்கேதானே?" என்று கேட்டார். 'கருத்தசை' என்றால் கருவுற்றவர்களுக்கு உரியது என்று எண்ணிவிடுவார்கள். 'இடைத்தசை' விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையோடு மயங்கும். வேறு சொல் உண்டா?

மொழிபெயர்ப்பாளன்

---

ஐயா,

'மையம்' என்பதே 'மத்தியம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பார் உளர் என்பதால், அது போவதில் எனக்கு வருத்தமில்லை. "புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப" என்று தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுள்ள பனையையும் தென்னையையும் ஒருபுறமும், உள்வயிரம் பாய்ந்த மரங்களை மறுபுறமுமாகப் பிரித்து வைத்திருக்க, நாம் ஏன் சொல்லுக்கு அலைய வேண்டும்? 'காழ்த்தசை' என்போம். காழ் என்பது வயிரம், காழ்த்தல் முற்றி உறுதிப்படுதல். "களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து" என்னும் குறள் முள்மரத்தைப் பற்றியதாயினும், வலி முற்றுமுன் பயிற்சியைத் தொடங்குக என்று துண்டறிக்கையின் முகப்பில் அச்சிடவும் பொருந்தும். காழகம், காழ்வை முதலிய பிற சொற்களைத் தனி மடலில் விரித்துரைப்பேன்.

தமிழாசிரியன்

---

ஐயாவுக்கு வணக்கம்.

காழகமும் காழ்வையும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். 'காழ்ப்பு' என்றால் இன்று பகை மட்டுமே. அதைவிட, இத்தசைகள் இறுகிக் கிடக்க வேண்டியவை அல்ல. வேண்டும்போது பிடித்து, பிறகு விட வேண்டியவை. 1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும், நலமாக உள்ளவர் கையைத் தூக்குமுன்பே வயிற்றின் குறுக்குத் தசை முந்திக்கொண்டு இயங்குவதையும், கீழ்முதுகு வலி உள்ளவரிடம் அது பிந்துவதையும் காட்டினர். ஆகவே பிடிமானத்தின் வலுவோடு நேரமும் முக்கியம்.

முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள், பின்னே முள்ளெலும்புகளை ஒட்டிய சிறு தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் என்று நெற்குதிர் போல நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்பவற்றை 'மையம்' என்றதால்தான், பலர் மல்லாந்து படுத்து எழும் பயிற்சியை மட்டும் செய்து, முள்ளெலும்பு வட்டுகளின் மேல் சுமையை ஏற்றிக்கொண்டு மீண்டும் எங்களிடம் வருகிறார்கள். உங்கள் நூற்பாவின்படியே பார்த்தாலும், தண்டைச் சுற்றி நின்று தாங்குவது புறக்காழ் அல்லவா? அப்படியானால் மனிதன் பனை இனம்.

இயன்முறை மருத்துவர்

---

அரைஞாண் கட்டும் இடம் என்பதால் 'அரைத்தசை' என்னலாம் என்று எழுத வந்தேன். நோயாளிகள் அதைப் பாதித் தசை என்று படிப்பார்கள் என்று வீட்டில் சொன்னார்கள், திரும்பப் பெறுகிறேன். 'கச்சைத் தசை' என்பதும் மார்க்கச்சையில் போய் நிற்கிறது.

பழைய உறுப்பினன்

---

அனைவருக்கும் நன்றி.

மறுப்புக் குறைவாக உள்ள 'நடுவுடல் தசைகள்' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'நடுவுடலைச் சுற்றியுள்ள தசைகள்' என்று விரித்து, பக்கத்தில் 'கோர்' என்றும் இடுகிறேன். பயிற்சிப் பகுதி இது: "கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். இடுப்பின்மேல் ஒரு டம்ளர் இருப்பதாகவும் அது சாயக் கூடாது என்றும் எண்ணிக்கொண்டு, மூச்சை அடக்காமல் 10 நொடிகள் இருங்கள், பிறகு மறுபக்கம்." பிழையிருந்தால் இன்றிரவுக்குள் தெரிவியுங்கள்.

மொழிபெயர்ப்பாளன்

---

பயிற்சிப் பகுதியில் பிழையில்லை. எனினும், முள்ளெலும்பை ஒட்டிய அந்தச் சிறு தசைகளாவது அகக்காழ்தான் என்பதை மருத்துவர் அம்மா இன்னும் மறுக்கவில்லை. 'நடுவுடல்' என்பது இடத்தைச் சொல்கிறது, பண்பைச் சொல்லவில்லை. என் வகுப்பில் 'காழ்த்தசை' என்றே சொல்வேன்.

தமிழாசிரியன்