ஒரே தவறு, இரண்டு விடைத்தாள்கள்

கேள்வி:
நுண்கணிதம் கற்பிக்கிறேன். ஆறிக்கொண்டிருக்கும் நீரின் வெப்பநிலையை அட்டவணையாகக் கொடுத்திருந்தேன்: 2, 4, 6ஆம் நிமிடங்களில் 81, 74, 69 டிகிரி. 4ஆம் நிமிடத்தில் மாறுவீதத்தை (நிமிடத்துக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்பதை) மதிப்பிட்டு விளக்கம் எழுத வேண்டும். இரண்டு மாணவர்களுக்கு விடை 3.75. இருவரின் விளக்கத்திலும் "கணநேர வேகத்தின் நிழல்" என்ற அதே சொற்றொடர். வகுப்பில் நான் அப்படிப் பேசியதே இல்லை (எனக்கு அவ்வளவு கவிதை வராது). பார்த்து எழுதியது என்று முடிவுகட்டலாமா?

பதில் 1:
விடை ஒன்றாக இருப்பது மட்டும் சாட்சியாகாது. இருபக்கமும் (2 முதல் 6ஆம் நிமிடம் வரை) எடுத்தால் (69 − 81) ÷ 4 = −3; முன்னோக்கி மட்டும் (4 முதல் 6 வரை) என்றால் −2.5, பின்னோக்கி (2 முதல் 4 வரை) −3.5. மூன்றிலும் நியாயம் உண்டு. 3.75 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது. 69ஐ 96 என்று எடுத்திருக்கிறார்கள்! (96 − 81) ÷ 4. நேர்க்குறி (அதாவது வெப்பம் ஏறுகிறது என்ற விடை) வந்த பிறகும் "நீர் குளிர்கிறது" என்றே இருவரும் எழுதியிருக்கிறார்கள்.

பதில் 2:
எண்ணைப் புரட்டிப் படிப்பது ஒருவருக்கு நேரும்; இருவருக்கும் ஒரே இடத்தில் நேர்வது அரிது. ஆனால் யார் யாரைப் பார்த்தார் என்பது தாளில் தெரியாது. இருவருமே வேறெங்கிருந்தோ எடுத்திருக்கலாம். தனித்தனியாக அழைத்து, அந்த 'நிழலை' வரைந்து காட்டச் சொல்லுங்கள். புரிந்து எழுதியவர் தொடுகோட்டை, அதாவது வெப்பநிலை வரைபடத்தை அந்தப் புள்ளியில் தொட்டுச் செல்லும் கோட்டை, வரைவார்; அதன் சாய்வுதான் அந்தக் கணத்தின் மாறுவீதம்.