புதுப்பிப்பு: நூல் மாதிரி நீண்ட தக்காளி நாற்றுகள் என்ன ஆயின?

ஒரு மாதம் முன்பு, விதை போட்டு முளைத்த தக்காளி நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்கின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். 12-ல் 7 பிழைத்துவிட்டன.

உரம் போதவில்லை என்று நினைத்திருந்தேன். இல்லை, வெளிச்சம்தான். ஜன்னலோரமே போதும் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, அவை வெளிச்சத்தைத் தேடியே நீண்டு துவண்டிருக்கின்றன. வெளியே மாற்றினேன், ஆனால் முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயில். அவசரப்பட்டு நேராக வெயிலில் வைத்த ஒன்று மதியத்துக்குள் இலை வெளுத்துக் காகிதமாகிவிட்டது.

மற்ற நான்கும் மண்ணை ஒட்டித் தண்டு கறுத்துச் சுருங்கி விழுந்தவை, நாற்றழுகல் என்ற நோய். அதற்குக் காரணம் நானேதான், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் வேறென்ன ஆகும்? இப்போது விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, நீங்கள் சொன்னபடியே விதையிலைகளை (முளைக்கும்போது முதலில் வரும் இரண்டு இலைகள்) கிள்ளிவிட்டு அதற்கு மேல் வரை தண்டைப் புதைத்தேன். உண்மையைச் சொன்னால் நம்பிக்கையே இல்லை. பத்து நாள் கழித்து, பொறுக்கமாட்டாமல் ஒன்றின் ஓரத்தில் மண்ணை லேசாக விலக்கினால், புதைந்த தண்டில் வெள்ளை வெள்ளையாக வேர்! சட்டென்று மூடிவிட்டேன்.

தண்டு இப்போது பென்சில் கனம், இலையைத் தொட்டாலே விரலில் அந்தப் பச்சை வாசனை ஒட்டிக்கொள்கிறது. பூ இன்னும் வரவில்லை. சரி, குச்சி நட்டுக் கட்டிவிட்டேன்.