சீட்டை விட்டு எழுந்த அந்த இரண்டு நிமிடம்

பச்சைப்புல்:

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். பெரும்பாலும் ஜீரோ டர்ன், அதாவது இரண்டு லிவரால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் வகை. இத்தனை வருடத்தில் ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் ஆனதில்லை. உயிர் நடுங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் வண்டியை விட்டு இறங்கும்போது.

மேடுபள்ளமான ஒரு மைதானம். குலுக்கும்போதெல்லாம் உடம்பு சீட்டை விட்டு ஒரு விரல்கடை எழும்பும், உடனே என்ஜின் அணைந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் செய்யும் வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? உடன் வேலை செய்த ஒருவர் ஒரு துண்டு வயரை இணைத்து, எழுந்தாலும் என்ஜின் அணையாதபடி அந்த சுவிட்சை முடக்கிவிட்டார். இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன்.

அப்புறம் ஒரு பனி ஈரமான காலை. புல் வெளியே வரும் வாய் அடைத்துக்கொண்டது. வழக்கம்போல எழுந்தேன், இறங்கினேன், கையை நீட்டினேன். உள்ளே பிளேடு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அடைப்பில் சிக்கியிருந்த குச்சி ஒன்று பட்டுத் தெறித்துக் கையுறையின் நுனியைக் கிழித்துக்கொண்டு போனது. விரல் தப்பியது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். எழுந்தால் வண்டி நின்றுவிடும் என்று என் உடம்பு பத்து வருடமாகப் பழகியிருந்தது. சுவிட்சை முடக்கினேனே தவிர, பழக்கத்தை மாற்றவில்லை. சுவிட்ச் ஒழுங்காக இருந்தாலும் பிளேடு நிற்கச் சில நொடி ஆகும் என்பது வேறு.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், சுவிட்சில் கோளாறே இல்லை. சீட்டில் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்த ஒரு திருகு உண்டு. எனக்கு முன்னால் ஓட்டியவர் நல்ல கனம். நான் ஒல்லி. நாலு சுற்று திருகியதும் குலுக்கல் அடங்கிவிட்டது. வயரை அன்றே பிடுங்கிவிட்டேன்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

சரிவோட்டி:

என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது ஒரு குளக்கரைச் சரிவு. வாரம் ஒரு முறை வெட்டும் இடம்தான், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு. அன்று முந்தின இரவு மழை பெய்திருந்தது.

கீழ்நோக்கி இறங்கும்போது பின்சக்கரம் இரண்டும் பிடியை விட்டன. ஜீரோ டர்னில் முன்சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி, போகிற போக்கில் திரும்பும், அவ்வளவுதான். திருப்புவது, வேகத்தைக் குறைப்பது, நிறுத்துவது எல்லாம் பின்சக்கரங்களின் பொறுப்பு. இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி, புல்லும் ஈரமாக இருந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். இரண்டு லிவரையும் பின்னால் இழுத்தேன். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது, வண்டி முன்னோக்கி வழுக்குகிறது! கரையில் பதித்திருந்த கல்லில் டெக் (பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கூடு) முட்டி நின்றது. தண்ணீருக்கு ஓர் ஆள் நீளம்கூட இல்லை.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்க சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புக் கம்பி நிமிர்ந்துதான் இருந்தது, பெல்ட்டும் போட்டிருந்தேன். தலைகீழாகத் தண்ணீருக்குள் போயிருந்தால் அந்த பெல்ட்டை அவிழ்த்திருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது கரையோரத்தில் வண்டி அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை விட்டுவிடுவேன். அதைக் கையில் பிடிக்கும் டிரிம்மர் பார்த்துக்கொள்ளும். சரிவை இப்போது அளக்கவும் செய்கிறேன். பல வண்டிகளின் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்றிருக்கும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே 27 செ.மீ. வந்தால் அதுதான் 15 டிகிரி. நான் சாதாரணச் சரிவு என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் 31 செ.மீ. காட்டியது.

கிளைக்கடியில்:

சரிவோட்டி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டாம். கம்பி நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம். கம்பியை மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது. கவிழும்போது காப்பாற்ற ஒன்றும் இல்லாத வண்டியோடு நம்மைக் கட்டிப்போட்டதாகிவிடும்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் தாழ்ந்த கிளைகளுக்காகக் கம்பியை மடக்கினேன், நிமிர்த்த மறந்தேன், மாலைவரை பெல்ட்டோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன்.

ஸ்பேனர்:

நான் ஓட்டுபவன் இல்லை, பழுது பார்ப்பவன். சீட் சுவிட்சை வயரால் முடக்கிய வண்டி என்னிடம் வந்தால் வேறு வேலையைத் தொடுவதற்கு முன் அந்த வயரை எடுத்துவிட்டுத்தான் மறு வேலை. திட்டுவார்கள். பரவாயில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஹைட்ராலிக்கில் ஓடும் இந்த வண்டிகளை என்ஜின் அணைந்த பிறகு கையால் தள்ள வேண்டுமானால் பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த பம்ப் இல்லை. பார்க்கிங் பிரேக் மட்டும்தான். டிரெய்லரில் ஏற்றத் தோதாக இருக்கும் என்று ராம்ப் அடியில் வைத்து வால்வைத் திறந்தேன், பிரேக்கை எடுத்தேன். இடம் லேசான சாய்வு. அரை டன்னுக்கு மேற்பட்ட இரும்பு சத்தமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. பிடிக்கப் போனேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். முழங்கால் சவ்வு கிழிந்து மூன்று மாதம் வீட்டில். ஓடுகிற வண்டியைப் பிடிக்காதீர்கள், விட்டுவிடுங்கள். வண்டியை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். ஊசித்துளை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த அளவு புள்ளிதான் தெரியும். முதலில் வலிக்கக்கூட வலிக்காமல் இருக்கலாம், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரமாகும். பிளேடு கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டையோ ஸ்டாண்டோ கொடுப்பது, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வேலைப்பட்டியல்:

ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நான் சூப்பர்வைசர். புல் வெளியே வரும் வாயை மறைத்துக் கல் தெறிக்காமல் தடுக்கும் ரப்பர் மடிப்பை என் ஆள் ஒருவர் கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்தார். அடைக்காமல் வேகமாக வெட்டலாமாம். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அன்றைய பட்டியலில் ஒன்பது இடம் எழுதிக் கொடுத்தவன் நான்.

நாலாவது இடத்தில் ஒரு கல் பறந்து, நிறுத்தியிருந்த காரின் பின்கண்ணாடி தூளானது. உள்ளே யாரும் இல்லை. பிளேடு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 347 கி.மீ. அந்த வேகத்தில் அடிபட்ட கல்லை நினைத்துப் பாருங்கள். மடிப்பைத் தூக்கிக் கட்டியதற்காக அவரைத் திட்டப் போனேன். அவர் பட்டியலை எடுத்து நீட்டினார். இப்போது ஆறு இடம்தான் எழுதுகிறேன். வெட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து கல், கம்பி பொறுக்கும் நேரமும் அதில் அடக்கம்.

பச்சைப்புல்:

வேலைப்பட்டியல் சார், ஒரு கேள்வி. ராத்திரி மழை பெய்திருக்கிறது, வாடிக்கையாளர் இன்றே முடிக்கச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?

வேலைப்பட்டியல்:

சமதளத்தை மதியத்துக்கு மேல் முடிப்போம். சரிவை மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன், போனில் நானே பேசுவேன். ஓட்டுபவரைப் பேச வைக்க மாட்டேன். இதனால் ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். ஒருவர்தான்.