மலேரியா ஒட்டுண்ணியின் கைனேஸ்களைக் குறிவைத்தால் மருந்து கிடைக்குமா?

நுண்ணோக்கி:
மலேரியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்டெமிசினின் கூட்டு மருந்துகளின் பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. 2008 வாக்கில் கம்போடியாவின் மேற்கில் தெரிந்த எதிர்ப்பு, இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்திரியா பக்கமும் தனியாகவே முளைத்திருக்கிறது. 2023இல் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புது இடத்தில் அடிக்கும் மருந்து வேண்டும். என் கட்சி: ஒட்டுண்ணியின் புரத கைனேஸ்கள்தான் அந்த இடம். பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டவைத்து, எப்போது பிரிந்து பெருகுவது, எப்போது வெளியேறுவது என்று உத்தரவு போடும் நொதிகள் இவை. சோதித்துப் பார்த்த 65 கைனேஸ்களில் 36 இல்லாமல் ஒட்டுண்ணியால் இரத்தத்தில் வாழ முடியாது என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

பழைய வேதியன்:
மலேரியா ஒட்டுண்ணிகளில் கொடியதான ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுதி 2002இல் வெளிவந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒட்டுண்ணியின் புரத கைனேஸைக் குறிவைத்து உருவாக்கி, மலேரியாவுக்கென அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்.

மனித உடலில் 500க்கு மேல் கைனேஸ்கள். எல்லாவற்றிலும், பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி மூலக்கூறு உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே அச்சு. ஒட்டுண்ணியின் குழியை அடைக்கப் போய் நம்முடையதையும் அடைப்பீர்கள். புற்றுநோய் நோயாளி தோல் தடிப்பையும் வயிற்றுப்போக்கையும் பொறுத்துக்கொள்வார், மருத்துவர் மாதாமாதம் இரத்தம் பார்ப்பார். மலேரியாவில் சாகிறவர்களில் பெரும்பான்மை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். வீட்டில் மூன்று நாள் மாத்திரை, அவ்வளவுதான். யார் கண்காணிப்பது?

நுண்ணோக்கி:
குழி ஒரே அச்சு என்பது பாதி உண்மைதான் வேதியன் சார். கால்சியத்தால் இயங்கும் சிடிபிகே குடும்பம் தாவரங்களில் உண்டு, ஒட்டுண்ணியில் உண்டு, மனிதரில் கிடையாது. அதில் சிடிபிகே4இன் குழி வாசலில் நிற்கும் அமினோ அமிலம் மிகச் சிறியது. மனித கைனேஸ்களில் பெரும்பாலும் அங்கே பருமனான ஒன்று அடைத்து நிற்கும். புடைப்பு வைத்த தடுப்பான் மூலக்கூறு ஒட்டுண்ணியின் குழியில் நுழையும், மனிதருடையதில் முட்டி நிற்கும். சிடிபிகே4 முடங்கினால் கொசு வயிற்றில் ஆண் அணுக்கள் உருவாகாது, பரவல் அங்கேயே அறுந்துவிடும்.

பழைய வேதியன்:
அதே குடும்பத்து சிடிபிகே1 கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் இரத்தத்தில் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று பல வருடம் நம்பினார்கள். 2018இல் அந்த மரபணுவையே எடுத்துவிட்டுப் பார்த்தால் ஃபால்சிபாரம் இரத்தத்தில் பிழைத்துக் கிடக்கிறது! பாலணு உருவாக்கம் மட்டும்தான் கெட்டது.

அப்புறம், மனிதச் சோதனை வரை போன கனபிளாசைட், சிபார்கமின் என்ற புது மலேரியா மருந்துகள் இரண்டும் எப்படிக் கிடைத்தன? முழு ஒட்டுண்ணியின் மேல் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஊற்றி, எது கொல்கிறது என்று பார்த்து. இலக்கு எது என்று பிற்பாடுதான் தேடினார்கள். எம்எம்வி048 என்ற மூலக்கூறும் அப்படித்தான் வந்தது. அதன் இலக்கு கொழுப்பைத் தொடும் கைனேஸ், புரத கைனேஸே இல்லை. அதுவும் விலங்குகளில் தெரிந்த நச்சுத்தன்மையால் நின்றுபோனது.

கரையோரம்:
இடையில் ஒரு கேள்வி. கைனேஸைத் தடுத்தால் ஒட்டுண்ணிக்கு உண்மையில் என்னதான் ஆகிறது? யாராவது கண்ணால் பார்த்த மாதிரி சொல்லுங்களேன்.

நுண்ணோக்கி:
ஒட்டுண்ணியின் பிகேஜி என்ற கைனேஸை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பானைப் போட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் முப்பது குட்டிகள் வரை முழுதாக வளர்ந்து, நடுவில் ஒரு கரிய நிறமிக் கட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடக்கும். சவ்வு உடையாது, எதுவும் வெளியே வராது. தடுப்பானைக் கழுவி எடுங்கள், கொஞ்ச நேரத்தில் அணு வெடித்துக் குட்டிகள் சிதறும். ஆய்வகங்களில் ஒட்டுண்ணிகளை ஒரே வயதுக்குக் கொண்டுவர இதையே கருவியாக வைத்திருக்கிறார்கள்.

சார், சிஎல்கே3 என்ற இன்னொரு கைனேஸைத் தடுக்கும் மூலக்கூறு 2019இல் வந்ததே, அதுவும் ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களின் தொகுப்பில் இருந்ததுதான். அதை அந்தக் கைனேஸோடு வைத்துச் சோதித்தார்கள். உங்கள் வழியும் என் வழியும் அங்கே ஒன்றாகத்தான் போயின.

பழைய வேதியன்:
கழுவினால் மறுபடி ஓடுகிறது என்றால் அது கொலை இல்லை, நிறுத்திவைத்தல்.

நுண்ணோக்கி:
நெடுநேரம் பிடித்துவைத்தால் உள்ளேயே செத்துவிடும். மனித சிவப்பணு ஏற்றிய எலிகளில் பிகேஜி தடுப்பான் தொற்றையே துடைத்தது, 2017இல்.

கரையோரம்:
நம் உடம்பின் கைனேஸையே தடுத்தால் என்ன? வியட்நாமில் வழக்கமான மலேரியா மருந்தோடு இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததில் ஒட்டுண்ணி சீக்கிரம் மறைந்ததாக 2021இல் படித்தேன். சிவப்பணுவின் சிக் கைனேஸ் நின்றால் சவ்வு உடையாதாமே. ஒட்டுண்ணியால் நம் மரபணுவை மாற்ற முடியாது, எதிர்ப்பும் வராது இல்லையா?

பழைய வேதியன்:
யோசனை நல்லது. ஆனால் சிறிய சோதனை. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் புற்றுநோய் மாத்திரை கொடுக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

எதிர்ப்பு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பிகேஜியின் குழி வாசலில் 618ஆம் இடத்தில் நிற்கும் த்ரியோனைன் என்ற அமினோ அமிலத்தை ஆய்வகத்தில் குளுட்டமைனாக மாற்றிய ஒட்டுண்ணி நன்றாகவே வளர்கிறது, தடுப்பான் அதைத் தொடுவதில்லை. நாம் கையால் செய்ததை இயற்கை செய்ய எத்தனை நாள் ஆகும்?

நுண்ணோக்கி:
அந்த மாற்றத்துக்கு, ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபணுச் சொல்லான கோடான் ஒன்றிலேயே குறைந்தது இரண்டு எழுத்துகள் மாற வேண்டும். அது அவ்வளவு எளிதில் நடக்காது.

பழைய வேதியன்:
குளுட்டமைனுக்குப் பதில் ஐசோலூசினாக மாற ஒரே எழுத்து போதும். இமாட்டினிபைப் புற்றுநோயில் கவிழ்த்ததும் அதே மாதிரி வாசல் த்ரியோனைன்தானே, 315ஆம் இடம்?

நுண்ணோக்கி:
காகிதத்தில் சரி. ஆனால் மருந்தின் அழுத்தத்தில் வளர்த்து எதிர்ப்பை வரவழைக்கப் பார்த்த 2020 ஆய்வில் பிகேஜியில் மாற்றமே வரவில்லை. வேறொரு கைனேஸில் வந்தது, எதிர்ப்பும் லேசானதுதான். சிஎல்கே3 அப்படி இல்லை, அங்கே இலக்கிலேயே மாற்றம் வந்தது. ஒவ்வொரு கைனேஸையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

ஒட்டுண்ணி முற்றும் வரை பிகேஜி தடுப்பான் காத்திருக்க வேண்டும், அதனால் மூளை மலேரியாவோடு வருகிறவருக்கு இது உதவாது. நான் பார்ப்பது நோய் வராமல் காக்கும் மருந்தாக. கல்லீரல் கட்டத்திலும் பிகேஜி வேண்டியிருக்கிறதே.

பழைய வேதியன்:
அப்படியானால் விழுங்கப்போவது நோயே இல்லாதவர்கள். பாதுகாப்பு விதி இரண்டு மடங்கு கடுமையாகும். கருவுற்ற விலங்குகளில் சோதித்த தரவைக் கொண்டுவாருங்கள், இதே இடத்தில் மறுபடி பேசுவோம்.