தஞ்சோங் பகார் ரயிலில் கடைசியாக எப்போது ஏறினீர்கள்?

புக்கிட் மேரா அக்கா

கெப்பல் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்தப் பழைய ரயில் நிலையத்தின் முகப்பைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து என்று நான்கு வெள்ளைச் சலவைக்கல் உருவங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா அவற்றை "நாலு காவக்காரன்" என்பார். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு ஓடிய மலேசிய ரயில்வேயின் ரயில் இங்கே நின்று போனது 2011 ஜூன் 30 இரவு. காவக்காரர்கள் இன்னும் நிற்கிறார்கள், காவலுக்குத்தான் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு அங்கே நடந்தது எதுவானாலும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

2003 என்று நினைவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் பெரியம்மா வீட்டுக்கு இரவு ரயில். அம்மா அதில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. 1998இல் சிங்கப்பூர்க் குடிநுழைவு உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டது, மலேசியாக்காரர்கள் மட்டும் தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நடைமேடைக்குப் போகும் வழியில் மலேசிய அதிகாரி கடப்பிதழை வாங்கிப் பார்த்தார், முத்திரை குத்தாமலே திருப்பிக் கொடுத்தார். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "என்னடி இது, சீல் அடிக்காம விட்டுட்டான்? அங்க போய்ப் பிடிச்சுக்குவானே!"

"அது அப்படித்தாம்மா, வாங்க."

ரயில் அரை மணிக்கும் மேலாகச் சிங்கப்பூருக்குள்ளேயே ஊர்ந்தது. பிறகு உட்லண்ட்ஸில் எல்லாரையும் மூட்டை முடிச்சோடு இறக்கினார்கள். அங்கேதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிற சோதனை. அம்மா வரிசையில் நின்றபடி கணக்குப் போட்டார். "அப்போ இவ்வளவு நேரம் நாம மலேசியாவுக்குள்ள போயிட்டோம், ஆனா சிங்கப்பூரை விட்டு இன்னும் போகல. அப்படித்தானே?" பின்னால் நின்ற சீனப் பெரியவருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, விழுந்து விழுந்து சிரித்தார்.

டிக்கெட் கூத்து இன்னொன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் ஏறினால் 30 ரிங்கிட் என்றால் இங்கே ஏறினால் 30 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்த காலம். அதனால் பாதிப் பேர் கடற்பாலத்தைப் பேருந்தில் தாண்டிப் போய் அங்கே ஏறுவார்கள். தன் பயணியைத் தானே விரட்டிய ரயில் அது.

கேட்டுக்காரர் மகன்

அக்கா, நீங்கள் பயணி. நாங்கள் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே வளர்ந்தவர்கள். அப்பா முதலில் தண்டவாளம் பராமரிக்கிற கேங் வேலை, பிறகு சாலைக் கேட். ரயில் வருகிறது என்று தொலைபேசி மணி அடித்ததும் வெளியே வந்து கேட்டை இழுத்துச் சாத்துவார். இருபுறமும் கார்கள் நிற்கும். சிங்கப்பூரில் அவ்வளவு கார்களை ஒரே கையசைப்பில் நிறுத்திய தமிழன் என் அப்பாதான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

புக்கிட் தீமா நிலையத்தில் நான் பார்த்ததை இப்போது என் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு டோக்கன், உலோகத் துண்டு. அதைப் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அந்த ரயிலுக்குத்தான் பாதை. ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். ஓட்டுநர் ஜன்னலிலிருந்து உடம்பை வெளியே சாய்த்து, பழைய வளையத்தை விட்டுவிட்டுப் புதியதை முழங்கையில் கோத்துக்கொள்வார். ரயில் நிற்காது. கடைசி நாள்வரை, ஐபோன் வந்த பிறகும், இது நடந்தது.

குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரனுக்கு ஒரு குடிசைக் கோயில் இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1932 வாக்கில் ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் வைத்தது. இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறாரே, அதே முனீஸ்வரன்தான். ரயில் போய்விட்டது, ரயில்வே சாமி இருக்கிறார்.

சேவை நின்ற மறுநாள் தொடங்கி ஜூலை 17 வரை தண்டவாளத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விட்டார்கள் அல்லவா? அப்பாவை அழைத்துப் போனேன். எங்கு பார்த்தாலும் கூட்டம். கல்யாண உடையில் ஒரு ஜோடி போட்டோவுக்கு நிற்கிறது. அப்பா யாரையும் பார்க்கவில்லை. ஜல்லியில் கால் வைக்காமல் கட்டைக்குக் கட்டை அளந்து நடந்தார், பழைய நடை. ஓரிடத்தில் நின்று குனிந்தார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கிற ஆணி ஒன்று மேலே எழும்பியிருந்தது. செருப்புக் குதிகாலால் நாலு தட்டுத் தட்டினார். "தளர்ந்து கிடக்கு, யார்கிட்டயாவது சொல்லணும்" என்றார்.

இன்னும் சில நாளில் மொத்தத் தண்டவாளத்தையும் பிடுங்கப் போகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஹார்பர் பேரன்

எல்லாரும் 2011ஐப் பற்றியே பேசுகிறீர்கள். என் தாத்தா ஹார்பர் போர்டில், அதாவது துறைமுக வாரியத்தில், மூட்டை தூக்கியவர். அவரைக் கேட்டால் ரயில் செத்தது அதற்கு வெகு முன்னால் என்பார்.

1932 மே 2ஆம் தேதி அந்த நிலையத்தைத் திறந்ததே துறைமுகத்துக்காக. அதற்கு முன் டேங்க் ரோட்டில் இருந்ததை இங்கே கொண்டுவந்து கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ரப்பரும் சுரங்கங்களிலிருந்து வெள்ளீயமும் ரயிலில் வந்து இறங்கும், கெப்பலில் கப்பல் ஏறும். நிலையத்தின் பெரிய கூடத்துச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல் வயல், தென்னை, வெள்ளீயச் சுரங்கம், மாட்டு வண்டி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற காட்சி, கப்பல் என்று வரைந்திருக்கும். தாத்தா என்னைத் தோளில் தூக்கி அந்தப் பால் மரப் படத்தைக் காட்டி, "இது நம்ம ஆளுடா" என்பார். அவருடைய அக்கா குடும்பம் கடைசிவரை ஜொகூர்த் தோட்டத்தில் இருந்தது. அக்கா வெட்டிய பால் தம்பி தோளில் ஏறிக் கப்பலுக்குப் போயிருக்கலாம். எனக்கு இதை நினைத்தால் கொஞ்சம் சிலிர்க்கும், நீங்கள் சிரித்தாலும் சரி.

1972இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அப்புறம் மூட்டைக்கு வேலை குறைந்தது. மலேசியாவும் பாசிர் கூடாங்கில் சொந்தத் துறைமுகம் கட்டிக்கொண்டது. சரக்கு போன பிறகு துறைமுகத்துப் பக்கத்தில் ரயில் நிலையம் எதற்கு? மிஞ்சியது பயணிகளும் நடைமேடை ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகளும்தான். (பிராட்டா நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ரயில் ஏறாமல் சாப்பிட மட்டும் போனவர்கள் இங்கேயே பாதிப் பேர் இருப்பார்கள்.)

இப்போது அந்தத் துறைமுகமே தீவின் மேற்கு முனையில் இருக்கிற துவாசுக்குப் போகிறது. ரயிலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுரங்கத்துக்காரன்

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் அந்த ரயிலைப் பார்த்ததில்லை, அதற்கு அடியில் தோண்டியவன்.

ஹார்பர்ஃபிரண்டுக்கும் மரினா பேக்கும் நடுவே விட்டுப்போன நாலு கிலோமீட்டரை இணைத்து எம்ஆர்டி நகர ரயிலின் வட்டப் பாதையை முழு வட்டமாக்குகிற வேலை. கெப்பல், கண்டோன்மன்ட், பிரின்ஸ் எட்வர்ட் ரோடு என்று மூன்று நிலையம். கண்டோன்மன்ட் சரியாகப் பழைய நிலையத்தின் கீழே வருகிறது. நடைமேடையில் ஒரு பகுதியைப் பத்திரமாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம். நினைவுச்சின்னம் என்பதால் சுவரில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். கட்டடம் இம்மி இறங்குகிறதா என்று பார்க்கச் சுவரெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பொருத்தி, கருவி வைத்து அளந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரில் ஆறடி விட்டம் உள்ள தூணைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

ராத்திரி ஷிப்டில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து, கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை, இருட்டு. அவ்வளவு உயரமான கூரை. நம்மூர் ரயில் நிலையத்தில் எந்நேரமும் சத்தம் இருக்கும் அல்லவா, டீ, இட்லி, அறிவிப்பு என்று. அது எதுவும் இல்லாமல் ஒரு ரயில் நிலையத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே சாப்பிடலாம் போல இருந்தது. துணிச்சல் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்கிற ரயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போயிருக்கும்? நாங்கள் கட்டியதில் சில நிமிஷத்துக்கு ஒன்று போகும்.

ஜேபி பயணி

தம்பி சொல்வது சரிதான். நான் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவன், எனக்கு ஏக்கம் எல்லாம் கிடையாது. பழைய ரயிலை வேலைக்குப் போக யாரும் நம்ப முடியாது. ஒருமுறை நம்பினேன், எதிர் ரயிலுக்காக வழியில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு. கேட்டுக்காரர் மகன் சொன்ன அதே டோக்கன்தான் காரணமாக இருந்திருக்கும்!

2015இலிருந்து ஷட்டில் டெப்ராவ் என்ற எல்லை ரயில் இருக்கிறது, உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்தே நிமிஷம். டிக்கெட் கிடைத்தால். இரண்டு ஊரையும் இணைக்கிற புது விரைவு ரயில் ஆர்டிஎஸ் வந்தால் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகலாம் என்கிறார்கள், அதோடு டெப்ராவும் மூட்டை கட்டிவிடும். அதற்கும் யாராவது இப்படி உட்கார்ந்து எழுதுவீர்கள் பாருங்கள்.

புக்கிட் மேரா அக்கா

ஜேபி பயணி, எழுதுவேன். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். எல்லாம் வேகத்துக்காக நடந்தது போலப் பேசுகிறோம். அது நிலக் கணக்கு. 1918ஆம் வருஷச் சட்டத்தால் ரயில்வே கைக்குப் போன நிலத்துக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் 1990இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், இருபது வருஷம் இழுபறி, 2010இல்தான் தீர்ந்தது. ரயில் நிலத்துக்கு ஈடாகக் கொடுத்த மனைகளில் எழும்பியவைதான் மரினா ஒன்னும் டுவோவும். அந்தக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் போகும்போது, இது கேட்டுக்காரரின் கேட், இது குவீன்ஸ்வே குடிசை என்று நான் மனதுக்குள் பிரித்துப் பார்ப்பதுண்டு.

கடைசி இரவு நானும் போயிருந்தேன். ஜொகூர் சுல்தானே ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் ஒரே தலைகள், எனக்கு ரயில் தெரியவே இல்லை. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

சுரங்கத்துக்காரத் தம்பி, ஒரு கேள்வி. கழற்றி வைத்த நடைமேடையைத் திரும்பப் பொருத்தும்போது அந்தப் பழைய மர பெஞ்சுகள் கண்ணில் பட்டனவா? அம்மா உட்கார்ந்தது இடப்பக்கக் கடைசி பெஞ்சு.