பவ்வாவ்ல வாங்கின பாசிக் கம்மல நாம போட்டுக்கலாமா?

மேப்பிள்இலை:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்டாரியோல இருக்கோம், போன வாரம்தான் முதல் தடவையா ஒரு பவ்வாவுக்கு (இங்கத்த பூர்வகுடி மக்கள் கூடி ஆடிப் பாடற விழா) போனோம். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, ஆட்டத்த விட கடைங்க பக்கமே நின்னுட்டு இருந்தா. ஓஜிப்வேங்கற பூர்வகுடியச் சேர்ந்த ஒரு பாட்டி பொடிப் பாசி வச்சு கம்மல் கோத்துட்டு இருந்தாங்க, இவ கண்ண எடுக்காம பாக்கறத பாத்துட்டு பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு வரிசை கோக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. கிளம்பறப்ப ஒரு ஜோடி எடுத்தோம், 60 டாலர் சொன்னாங்க, நான் பழக்கத்துல 40க்கு வருமானு கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல ஆனா முகம் வாடிடுச்சு, முழுசா குடுத்துதான் வாங்கினேன், இருந்தாலும் இன்னும் உறுத்துது. இப்ப என் கேள்வி, அவங்க நகைய நாம போட்டா தப்பா நினைப்பாங்களா? பொண்ணு வீட்ல அதே மாதிரி செஞ்சு பாக்கணும்னு நிக்கிறா, விடலாமா?

ஊசிநூல்:
தாராளமா போடுங்க. நாலு பேர் வாங்கிப் போடட்டும்னுதான் அவங்க செஞ்சு மேஜையில வச்சிருக்காங்க. ஆடறவங்க உடுத்தியிருக்கறதுதான் வேற விஷயம், அதுக்கு ரெகாலியானு பேரு, காஸ்ட்யூம்னு சொன்னா வருத்தப்படுவாங்க, கேக்காம தொடவும் கூடாது. கழுகு இறகு கீழ விழுந்து கிடந்தா எடுத்துக் குடுக்கறேன்னு கைய வைக்காதீங்க, அத எடுக்க அவங்களுக்குனு ஒரு முறை இருக்கு.

விலைய பத்தி கொஞ்சம் சொல்லணும். நான் ரெண்டு வருஷமா பாசி கோக்கறேன். 11ம் நம்பர் பாசினா ஒண்ணு சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஒரு ஜோடி சின்னக் கம்மலுக்கே எனக்கு ஒரு சாயங்காலம் முழுசா போயிடும், ஒரு வரிசைல எண்ணிக்கை தப்பினா மொத்தத்தையும் பிரிக்கணும். அவங்க பல ஊர் வண்டி ஓட்டி வந்து, ஸ்டாலுக்கும் காசு கட்டி உக்காந்திருக்காங்க. கண்ணாடிப் பாசி ஐரோப்பால இருந்து வியாபாரத்துல வந்தது, அதுக்கு முன்னாடி முள்ளம்பன்றி முள்ளுக்கு சாயம் ஏத்தி, ஊற வச்சு, பல்லால தட்டையாக்கித்தான் தோல்ல தைச்சாங்க. அந்த வேலை இன்னும் சில பேர் கையில இருக்கு, எங்கயாவது பாத்தா நின்னு பாருங்க.

சாண்டாஃபே_வாசி:
நான் நியூ மெக்சிகோ. இங்க ஆகஸ்ட்ல நடக்கற சாண்டா ஃபே இண்டியன் மார்க்கெட் (இண்டியன்னா இங்க நம்ம ஊர் இல்ல, பூர்வகுடி மக்கள்) 1922ல இருந்தே இருக்கு. என்ன பொறுத்தவரைக்கும் விலைய விட பெரிய பிரச்சனை போலிதான். எங்கயோ மெஷின்ல அடிச்ச நகைய நவஹோ பூர்வகுடி வேலைனு விக்கறாங்க, பக்கத்து மேஜைல நிஜமா செஞ்சவங்க பொழப்பு போகுது. அமெரிக்காவுல 1990ல இதுக்குனே இண்டியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஆக்ட் வந்துச்சு, பொய் சொல்லி வித்தா 2,50,000 டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா வாங்கறவங்க கேக்கலைனா சட்டம் மட்டும் என்ன பண்ணும்? நீங்க செஞ்சதா, எந்த நேஷன், அதாவது எந்தப் பூர்வகுடினு நேரா கேளுங்க. செஞ்சவங்க சந்தோஷமா கதையே சொல்வாங்க.

கூடைக்காரி:
கூடைங்களையும் பாத்துட்டு வாங்க. கறுப்பு ஆஷ் மரத்த நீளவாக்குல அடிச்சுக்கிட்டே போனா வருஷ வளையம் ஒவ்வொண்ணும் பட்டையா உரிஞ்சு வரும், அதுலதான் பின்னுவாங்க. 2002ல டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்ச எமரால்டு ஆஷ் போரர்ங்கற வண்டு இந்த மரங்கள கூட்டம் கூட்டமா கொல்லுது. நல்ல மரம் கிடைக்கறதே கஷ்டமாயிட்டு வருது, அத நினைச்சா எனக்கு மனசு ஆறல. அதனால கூடை விலை அதிகம்னு நினைக்காதீங்க.

மேப்பிள்இலை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்தப் பாட்டி அவங்க கார்டு குடுத்திருக்காங்க. பொண்ணுக்கு கத்துக் குடுப்பீங்களானு போன் பண்ணி கேக்கலாமா?

ஊசிநூல்:
கண்டிப்பா கேளுங்க, ஆனா முடிஞ்சா நேர்ல போய் கேளுங்க. அனிஷினாபே (ஓஜிப்வேயும் இதுல சேர்ந்தவங்கதான்) பெரியவங்ககிட்ட ஒண்ண கத்துக்கணும்னா கொஞ்சம் புகையிலை குடுத்து கேக்கறது வழக்கம், நாம வெத்தலை பாக்கு வச்சு கேக்கற மாதிரி. வகுப்புக்கு தனியா காசு குடுத்துடுங்க. பொண்ணு வீட்ல கோத்துப் பழகறதுல தப்பே இல்ல, அவங்க டிசைன காப்பி அடிச்சு விக்கறதுதான் கூடாது. 11ம் நம்பர் பாசியும் 12ம் நம்பர் ஊசியும் இப்பவே வாங்கி வைங்க, ஊசி ரெண்டு மூணு கூடவே வாங்குங்க, சீக்கிரம் வளைஞ்சுடும்.