புதுப்பிப்பு: வின்ச் கயிற்றின் கண்ணைக் கழற்றிப் பார்த்தோம்

மீட்பு வண்டி வின்ச்சில் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் எந்திரம்) போட்ட டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு, ஹூக் பக்கத்துக் கண்ணில் (ஹூக் மாட்டும் முனை வளையத்தில்) மட்டும் விறைப்பாக இருக்கிறது, மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கயிறு முழுக்க நன்றாகத்தானே இருக்கிறது, ஓட்டுங்கள் என்றார்கள் சிலர்.

நேற்று ஹூக்கைக் கழற்றி, கண்ணுக்குள் இருக்கும் உலோக வளையமான திம்பிளை வெளியே எடுத்தோம். அதன் ஓரத்தில் துருவேறிய பிசிறு. நகத்தால் தடவினாலே மாட்டுகிறது. அது உரசிய இடத்தில், கண்ணின் உட்புறம், இழைகள் அறுந்து பஞ்சாக நின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பக்கத்திலேயே பளபளவென்று ஓர் இடம். வெறும் அழுத்தத்தால் வந்த பளபளப்பு என்றால் கையால் முன்னும் பின்னும் வளைத்தால் இளகிவிடும். இது இளகவில்லை. சூட்டில் உருகி ஒட்டியிருக்கிறது. இந்த இழை 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். அதற்கு வெகு முன்பே பலம் குறையத் தொடங்கும்.

கயிற்றின் நுனியை, அதாவது வாலை, கயிற்றுக்குள்ளேயே செருகிக் கண் அமைக்கும் இணைப்புதான் ஸ்ப்லைஸ். அதன் பூட்டுத் தையலும் ஒரு பக்கம் அறுந்திருந்தது. சுமை இல்லாமல் கயிறு தளர்ந்து ஆடும்போது வால் நழுவாமல் பிடிப்பது அந்தத் தையல்தான்.

சரி, கண்ணை வெட்டிவிட்டோம். நல்ல பகுதியில் புது ஸ்ப்லைஸ், புதுத் திம்பிள். வால் முடியும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். நகர்ந்தால் உடனே தெரியும்.